டிஎன்-அலர்ட், சசேத், 1077: பொன்னையாற்றங்கரை ஊராட்சி ஒன்றிலிருந்து ஒரு மதிப்பீடு

வேலூர் மாவட்டம் காட்பாடி வட்டத்தில், பொன்னையாற்றை ஒட்டிய ஓர் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் முடிந்து நாங்கள் பொறுப்பேற்ற மறுமாதமே பொன்னையாறும் பாலாறும் இரு கரையும் தொட்டு ஓடின. அப்போதிருந்து, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் அரசு தரும் எச்சரிக்கைச் சேவைகளை ஊராட்சி வேலைக்காகவே பயன்படுத்திப் பார்த்து வருகிறேன். இந்த மதிப்பீடு முக்கியமாக மூன்று சேவைகளைப் பற்றியது: தமிழ்நாடு அரசின் டிஎன்-அலர்ட் செயலி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலி, மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண். மூன்றும் இலவசம். ஆனால், மாலையில் கடைத்தெருவுக்குப் போகலாமா என்று ஒருவர் பார்த்துக்கொள்வது வேறு, நள்ளிரவில் ஒரு தெருவையே காலி செய்யச் சொல்லும் முடிவை ஓர் ஊராட்சி எடுப்பது வேறு. நான் இந்த இரண்டாவது தேவையை வைத்தே இவற்றை எடைபோடுகிறேன்.

எங்கள் ஆற்றின் இயல்பைச் சொல்லாமல் இந்தச் சேவைகளின் நிறைகுறையைச் சொல்ல முடியாது. பொன்னையாறு ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் நீவா என்ற பெயருடன் ஓடி வந்து, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, திருவலத்தைத் தாண்டிப் பாலாற்றில் கலக்கிறது. அதன் மேல்பகுதியில், பெனுமூர் பக்கத்தில், கலவகுண்டா அணை இருக்கிறது. சித்தூர்ப் பகுதியில் பெருமழை பெய்து அந்த அணை நிரம்பித் திறக்கப்பட்டால், சில மணி நேரத்தில் தண்ணீர் எங்கள் தரைப்பாலத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் வெறும் தூறல் மட்டுமே இருக்கலாம், வானம் வெளுத்தும் இருக்கலாம். பாலாற்றுக்கும் இதே கதைதான். அது கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே நம் மாநிலத்துக்குள் வருகிறது. ஆக, வடஆற்காட்டு ஆற்றங்கரைகளில் இருப்பவர்களுக்கு வெள்ளத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் வேறொரு மாநிலத்தில் பெய்த மழை. எந்த எச்சரிக்கைச் சேவையும் இதைக் கணக்கில் கொள்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி.

டிஎன்-அலர்ட் செயலி 2024-இல் அறிமுகமானது. அடுத்த நான்கு நாட்களுக்கான வானிலை முன்னறிவிப்பைத் தமிழிலேயே தருகிறது என்பதும், அன்றாட மழை அளவு, நீர்த்தேக்கங்களின் நீர் இருப்பு, வெள்ளம் சூழக்கூடிய பகுதிகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் பார்க்கலாம் என்பதும் இதன் பெரிய பலம். பொதுமக்கள் பேரிடர் தொடர்பான புகார்களையும் இதன் வழியாகவே பதிவு செய்யலாம். எங்கள் ஊராட்சிச் செயலருக்கும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவருக்கும், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிகளுக்கும் இதைக் கைபேசியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறோம். தமிழில் இருப்பதால் அவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தாங்களே படித்துப் புரிந்துகொள்கிறார்கள், அடுத்தவருக்கும் சொல்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே செயலியை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களோடு நின்றுவிடாமல் அவற்றின் பின்னுள்ள அளவையும் ஊராட்சியில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக ஓடிக்கொண்டிருக்கும் நவம்பர் மாதத்துக் கனமழையும், ஏரி வறண்டு கிடக்கும் செப்டம்பர் மாதத்துக் கனமழையும் இந்த அளவுகோலில் ஒரே வகைதான். அந்த வேறுபாட்டைச் செயலி அறியாது. ஏரிக்கரையில் நடந்து பார்த்த மனிதர்தான் அறிவார்.

டிஎன்-அலர்ட் தமிழ்நாட்டை எல்லையாகக் கொண்டது, எங்கள் ஆறு அப்படி இல்லை. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது சசேத். நாடு முழுவதற்குமான செயலி என்பதால், நாம் இருக்கும் இடத்துக்கான எச்சரிக்கையோடு, நாம் விரும்பும் வேறு மாவட்டங்களின் எச்சரிக்கையையும் கேட்டுப் பெற முடியும். பொன்னையாற்றங்கரையில் இருப்பவர்கள் சித்தூர் மாவட்டத்தையும், பாலாற்றங்கரையில் இருப்பவர்கள் கோலார் மாவட்டத்தையும் இதில் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த மதிப்பீட்டில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் நடைமுறை யோசனை. குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்றோரம் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மோர்தானா அணைக்கு வரும் நீரும் ஆந்திரக் காட்டுப் பகுதியிலிருந்து வருவதுதான். வேலூருக்கு மஞ்சள் எச்சரிக்கையும் சித்தூருக்குச் சிவப்பு எச்சரிக்கையும் இருக்கும் நாளில், எங்களுக்கு அது சிவப்பு நாள்தான். அன்று மாலையே ஆற்றங்கரைத் தெருவுக்கு ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது.

செயலி எதுவும் இல்லாத கைபேசிகளுக்கும் போய்ச் சேரும் இன்னொரு வழி உண்டு. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் பலருடைய கைபேசிகள் ஒரே நேரத்தில் உரத்த ஒலி எழுப்பி, ஒரு சோதனைச் செய்தியைக் காட்டியது நினைவிருக்கலாம். கைபேசிக் கோபுரத்திலிருந்து அதன் எல்லைக்குள் இருக்கும் கைபேசிகளுக்கெல்லாம் ஒரே வீச்சில் செய்தி அனுப்பும் முறை அது. இணையம் தேவையில்லை, நம் எண்ணை யாரும் பதிவு செய்து வைத்திருக்கவும் வேண்டாம். நெரிசலில் அழைப்புகள் கிடைக்காத நேரத்திலும் அது வந்து சேரும். இவ்வளவு நல்ல முறைக்கும் எல்லையோரக் கிராமங்களில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பக்கத்துக் கைபேசிகள் பல நேரம் ஆந்திரக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். வேலூர் மாவட்டக் கோபுரங்களுக்கென்று அனுப்பப்படும் செய்தி அப்படிப்பட்ட கைபேசியைத் தவறவிட வாய்ப்பு இருக்கிறது. மாவட்டத் திட்டம் தீட்டுபவர்கள் எல்லையை ஒட்டிய ஊர்களுக்கு இதை நினைவில் வைத்து, இரு மாநிலக் கோபுரங்களுக்கும் சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எச்சரிக்கை வந்து சேருவது பாதி வேலை, அது புரிவது மறுபாதி. 'அணையிலிருந்து விநாடிக்கு 10,000 கன அடி நீர் வெளியேற்றப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்ற வகைச் செய்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். 10,000 கன அடி என்றால் ஒவ்வொரு விநாடியும் 2,83,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஏறத்தாழ 24 ஒரே நொடியில் கவிழ்ந்தாற்போன்ற அளவு. இந்தக் கணக்கைச் சொன்னால் மக்கள் வியப்பார்கள். ஆனாலும், அந்தத் தண்ணீர் தங்கள் வாசற்படிக்கு வருமா என்பது அவர்களுக்குத் தெரியாது. 'பாதுகாப்பான இடம்' எது என்றும் தெரியாது. இது எந்த ஒரு செயலியின் குறையும் அல்ல. சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ எழுதப்படும் செய்தி எங்கள் தெருவை அறிந்திருக்க முடியாது. அதைத் தெருவின் மொழிக்கு மாற்றும் வேலை ஊராட்சியுடையது.

அந்த வேலையை நாங்கள் எப்படிச் செய்தோம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், மற்ற ஊராட்சிகளும் செலவில்லாமல் செய்யக்கூடியது என்பதால். முந்தைய வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஆற்றங்கரைத் தெருவில் வயதானவர்களிடம் கேட்டு, வீட்டுச் சுவர்களில் எஞ்சியிருந்த சேற்றுக் கறைகளையும் பார்த்து, நீர்வளத் துறையினர் சொன்ன வெளியேற்ற அளவுகளோடு ஒப்பிட்டுக்கொண்டோம். பிறகு தொடக்கப் பள்ளியின் வெளிச்சுவரில் எனாமல் பெயிண்டால் மூன்று வரிகள் எழுதினோம். தரைப்பாலத்தின் ஓரக் கற்கள் மூழ்கினால் அக்கரைக்குப் போக்குவரத்து நிற்கும், பிள்ளைகளை அனுப்பக் கூடாது. சுடுகாட்டுப் பாதையில் தண்ணீர் ஏறினால் மாடுகளை அவிழ்த்து மேட்டுக் களத்துக்கு ஓட்ட வேண்டும். கடைசி மின்கம்பத்தின் அடியை எட்டினால் தெரு முழுவதும் பள்ளிக்கு வந்துவிட வேண்டும், அந்த நேரத்தில் மின்மாற்றியின் இணைப்பும் துண்டிக்கப்படும். மின்கம்பத்திலேயே சிவப்புக் கோடும் போட்டிருக்கிறோம். இப்போது செயலியில் ஓர் எண் வந்தால், அது எந்தக் கோட்டுக்குச் சமம் என்று பார்த்துச் சொல்லிவிடுகிறோம். மக்கள் எண்ணைக் கேட்பதில்லை. "எத்தனாவது கோடுண்ணா?" என்றுதான் கேட்கிறார்கள்.

மாடுகளைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. வெளியேறச் சொல்லிப் போகும்போது எங்களுக்குக் கிடைக்கும் மறுப்புகளில் பெரும்பாலானவை உயிர்ப்பயம் இல்லாததால் வருபவை அல்ல. "மெசேஜு வந்துச்சு, கெளம்புன்னு சொல்றியே நைனா, கறவ மாட்ட யாரு பாத்துக்குவாங்க?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த எச்சரிக்கைச் செய்தியிலும் பதில் இருப்பதில்லை, நிவாரண முகாமிலும் மாட்டுக்கு இடமில்லை. நெல் காயவைக்கும் மேட்டுக் களத்தை மழைக் காலத்தில் மாடு கட்டுவதற்கென்று ஒதுக்கி, வைக்கோலும் முன்கூட்டியே அங்கே போட்டு வைக்கத் தொடங்கிய பிறகு, அந்தத் தெரு கிளம்புவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் வெகுவாகக் குறைந்தது.

1077-க்கு வருகிறேன். மாவட்டத்துக்கு இந்த எண், மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. ஆற்றில் யாரேனும் சிக்கினாலோ, ஏரிக்கரை உடைப்பெடுக்கும் நிலையில் இருந்தாலோ, சாலை துண்டிக்கப்பட்டாலோ அழைக்க வேண்டியது இந்த எண்தான். ஒரே அழைப்பில் வருவாய்த் துறை, தீயணைப்புத் துறை, நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை எனப் பல துறைகளுக்குத் தகவல் பிரிந்து போகும் என்பதால், தனித்தனியே அதிகாரிகளின் கைபேசிக்கு முயன்று நேரத்தை இழப்பதைவிட இது பல மடங்கு மேல். எடுப்பவர் நம் ஊரை அறிந்தவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, வட்டம், ஊராட்சி, குக்கிராமம், அருகிலுள்ள அடையாளம், எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் உண்டா, வண்டி எந்த வழியாக வர முடியும் ஆகிய விவரங்களை இந்த வரிசையிலேயே ஓர் அட்டையில் எழுதி ஊராட்சி அலுவலகத் தொலைபேசி அருகே ஒட்டியிருக்கிறோம். பதற்றத்தில் பேசுபவருக்கு அந்த அட்டை மிகவும் உதவுகிறது. மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987, மருத்துவ அவசரத்துக்கு 108 ஆகியவையும் அதே அட்டையில் இருக்கின்றன. எல்லையோரக் கைபேசிகளின் சிக்கல் இங்கும் உண்டு என்பதால், ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் தரைவழித் தொலைபேசி எண்ணையும் சேர்த்து எழுதி வைப்பது நல்லது.

இவை எதுவும் முன்கூட்டிச் சொல்ல இயலாத ஆபத்துகளும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. 2021 நவம்பர் 19 அன்று பேர்ணாம்பட்டில் தொடர்மழையில் ஊறிய வீடு இடிந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் உயிரிழந்தார்கள். மழை வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அந்தச் சுவர் விழும் என்பதுதான் தெரியவில்லை. 2024 டிசம்பரில், பழைய வடஆற்காட்டின் பகுதியான திருவண்ணாமலையில் மண்சரிவில் 7 பேர் இறந்ததும் அப்படித்தான். வேலூர் நகரத்திலேயே மலையடிவாரத்தில் பாறைகளுக்குக் கீழே வரிசை வரிசையாக வீடுகள் இருக்கின்றன. எந்தச் சுவர் ஊறியிருக்கிறது, எந்தப் பாறையின் அடிமண் கரைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் பதிவேட்டில் எழுதி வைப்பதற்குச் செயலி மாற்றாகாது. மழை தொடங்குமுன் மண்சுவர் வீடுகளின் பட்டியலை எடுத்து, இரண்டு நாள் விடாமல் பெய்தால் அந்த வீட்டார் எந்த வீட்டில், எந்தக் கூடத்தில் இரவு தங்குவார்கள் என்பதுவரை எழுதி வைக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி உறுப்பினரையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இது நல்லெண்ணத்தால் மட்டும் செய்யும் வேலையும் அல்ல. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, தன் அலுவலர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும், மீட்புக்கான பொருள்களை எந்நேரமும் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருப்பதையும், பாதிக்கப்பட்ட பகுதியில் நிவாரணப் பணிகளைச் செய்வதையும் உள்ளாட்சி அமைப்பின் கடமையாகவே வகுத்திருக்கிறது. பேரிடர் என்றால் வருவாய்த் துறை பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் இன்னும் ஆழமாக இருக்கிறது. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது படைப்பிரிவு இருப்பது நமக்குப் பெரும் பேறு. எனினும், புயல் நாட்களில் அந்த வீரர்கள் கடலோர மாவட்டங்களுக்கோ அண்டை மாநிலங்களுக்கோ சென்றிருக்கக்கூடும். முதல் சில மணி நேரத்துக்கு ஊரிலுள்ள இளைஞர்களும், ஜே.சி.பி. வைத்திருப்பவரும், நீச்சல் தெரிந்தவர்களும்தான் கைகொடுக்க வேண்டும். அவர்களில் ஒருவரையாவது ஆப்த மித்ரா என்ற 12 நாள் பேரிடர்த் தன்னார்வலர் பயிற்சிக்கு அனுப்ப வாய்ப்புக் கிடைத்தால் தவறவிட வேண்டாம்.

இங்கே ஒரு சிறு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்டோரா போடும் முறைக்கு 2022-இல் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. ஒருவரின் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்த அந்த வேலை நின்றது சரியானது, எப்போதோ நின்றிருக்க வேண்டியது. அதன் இடத்தில் ஒலிபெருக்கி வர வேண்டும் என்பதால், வேலூரில் ஒரு கடையில் கையில் பிடித்துப் பேசும் ஒலிபெருக்கி ஒன்றை வாங்கினோம். உள்ளேயே பேட்டரி வைத்து, மின்னேற்றம் செய்து பயன்படுத்தும் வகை அது. ஒரு மழைக்காலம் முடிந்து, அடுத்த மழைக்கு எடுத்தபோது பேட்டரி செத்திருந்தது. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. அடுத்து, பெரிய டார்ச் செல் போட்டுப் பேசும் வகையை வாங்கினோம். விலை சற்றே கூடுதல்தான், ஆனால் செல் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது, மின்சாரம் இல்லாத இரவிலும் வேலை செய்கிறது. வாங்குபவர்கள் சைரன் ஒலி தனிப் பொத்தானாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். மழைச் சத்தத்தில் பேச்சைவிட அந்த ஒலிதான் தூக்கத்தைக் கலைக்கிறது.

இடி மின்னலுக்கு, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி தனியே இருக்கிறது. வேர்க்கடலைக் கொல்லையில் வேலை செய்பவர்களின் மேஸ்திரி ஒருவரிடமாவது அது இருக்க வேண்டும். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருப்பதால், வேலூர்க் கோடைக்கும் டிஎன்-அலர்ட்டைத் தொடர்ந்து பார்ப்பது பயன் தரும்.

மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு: தனிமனிதருக்கு டிஎன்-அலர்ட் போதும். ஆற்றங்கரையில் பொறுப்பில் இருப்பவருக்கு டிஎன்-அலர்ட்டோடு, ஆற்றின் மேல்பகுதி மாவட்டத்தைச் சேர்த்து வைத்த சசேத்தும் வேண்டும். ஆபத்து கண்முன் வந்துவிட்டால் செயலியைத் திறக்காமல் 1077-ஐ அழைக்க வேண்டும்.

சேவை நடத்துபவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. கலவகுண்டா போன்ற அண்டை மாநில அணைகளின் நீர் வெளியேற்றத்தை, அது வேலூர் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரியவந்த உடனேயே, டிஎன்-அலர்ட்டில் ஆற்றின் பெயரோடு காட்ட வேண்டும். இன்றைய நடைமுறையில் அந்தத் தகவல் ஆட்சியர் அலுவலகம், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் என்று படிப்படியாக இறங்கி ஊராட்சியை அடைகிறது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. அடுத்தது, ஊராட்சிகள் தங்கள் கரையின் வெள்ள அடையாளங்களை மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் பதிவு செய்ய வழி வேண்டும். எங்கள் மூன்று கோடுகளையும் அக்டோபர் 2 கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக நிறைவேற்றி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பவிருக்கிறோம். பொன்னை முதல் திருவலம் வரை இரு கரையிலும் உள்ள மற்ற ஊராட்சிகளும் அதே நாளில் தங்கள் கோடுகளை நிறைவேற்றி அனுப்பினால், அந்த மாதம் மூன்றாவது வாரத்தில் பருவமழை தொடங்குவதற்குள் ஆறு முழுவதற்குமான ஒரே அட்டவணை கட்டுப்பாட்டு அறையின் கையில் இருக்கும்.